கெசையாவின் கட்டில் எந்த ஊர்

ஹோல்ட்கம் ஊர்க்காரியான நானே சொல்கிறேன், எங்கள் ஆட்களுக்கு எல்லை விஷயத்தில் மட்டும் மூளை கழன்றுவிடும். மற்றபடி நல்லவர்கள்தான். பக்கத்து ஊர் மார்ஷ்வெல்காரன் மாடு செத்தால் போய்த் துக்கம் விசாரிப்பார்கள். அதே மாடு எங்கள் வேலியைத் தாண்டி ரெண்டு வாய் புல் மேய்ந்துவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் எல்லையை எழுதிவைத்த ஏடு ஒன்று இருந்ததாம். கோயில் பெட்டிக்குள் எலி தின்றுவிட்டது என்பார்கள். அதனால் எங்கள் கால்தான் ஏடு. வருஷா வருஷம் மே மாதத்தில், இயேசு பரமேறின திருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை, ஊரே வில்லோ மரக் குச்சியை எடுத்துக்கொண்டு பாதிரியார் பின்னால் எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு கல்லையும், ஒவ்வொரு எல்லை மரத்தையும் குச்சியால் நாலு சாத்துச் சாத்திவிட்டு நகர வேண்டும். கல்லைத் தவறவிட்டால் கல் போச்சு. ஒரு வருஷம் வேலிக்கு இந்தப் பக்கமாக நடந்துவிட்டால், அந்தப் பக்கம் அடுத்த ஊருக்குப் போச்சு. ஓடை குறுக்கே வந்தால் ஓடையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். வீடு குறுக்கே வந்தால் வீட்டுக்குள்தான்.

ஸ்டிக்லண்ட் வீடு அப்படிக் குறுக்கே வந்த வீடு. சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், ரெண்டு ஊருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலத்தில் ஊர்வலம் வடக்கு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, அடுக்களையைக் கடந்து, தெற்கு வாசல் வழியாக வெளியே போகும். ரூபன் ஸ்டிக்லண்ட் மார்ஷ்வெல்காரர், ஆடு மேய்ப்பவர். அவர் கட்டிக்கொண்ட கெசையா எங்கள் ஹோல்ட்கம் பெண். கல்யாணமாகி வந்த ஏழாம் வருஷம் நல்ல மழை. நாற்பது பேர் சேற்றுக்காலோடு ஜன்னல் ஏறி வந்து அவள் தேய்த்து வைத்த தரையில் நடந்தார்கள். ஒருத்தன் மாவுச் சட்டிக்குள்ளேயே காலை வைத்துவிட்டான் என்று கேள்வி. அடுத்த வருஷம் ஊர்வலம் வந்தபோது கெசையா ஜன்னலில் விளக்குமாற்றோடு நின்றாள்.

"சுத்திப் போங்க. கேக் வேணும்னா சுத்திப் போகணும். உள்ள ஒரு கால் வந்துச்சு, ஒருத்தனுக்கும் ஒரு துண்டு கிடையாது" என்றாளாம்.

பன்றிக்கொழுப்பும் உலர்ந்த திராட்சையும் போட்டு அவள் சுடும் கேக்கை இந்த வட்டாரத்தில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மேற்குப் பக்கம் பன்றிக் கொட்டிலும் காஞ்சொறிப் புதரும். அதனால் ஊர்வலம் கிழக்குப் பக்கமாக, எங்கள் ஊர்ப் பக்கமாக, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. தோட்டத்தில் நின்று கேக் தின்றார்கள், ஆப்பிள் கள் குடித்தார்கள், கிளம்பினார்கள். முப்பத்தொன்பது வருஷம் இப்படியே. வீடு முழுசாக மார்ஷ்வெல்லுக்குப் போய்விட்டது என்பது ஒரு மூதேவிக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நான் திர்ஸா லோடர். ஊரில் பிரசவம் பார்ப்பதும் நான்தான், செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவதும் நான்தான். பெரிய யுத்தம் முடிந்து எட்டாம் வருஷம் மார்ச் மாதம் கெசையாவுக்குக் கால் இரண்டும் வீங்கி நீர் கோத்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைத்தது. மாடிப்படி ஏற முடியாது என்பதால் நானும் ரூபனும் அந்தப் பழைய ஓக் கட்டிலைக் கழற்றி, கீழே இறக்கி, அடுக்களையில் மேற்கு ஜன்னலோரம் போட்டோம். அங்கே படுத்தால் குன்று தெரியும். குன்றில் ஆடு தெரியும். ஆட்டுக்கு நடுவில் ரூபன் தெரிவார்.

"அந்தா பாரு, கம்பை ஊனிக்கிட்டு நிக்கிறத. எழுபத்திரண்டு வயசாகுது, தொப்பிய நேரா வைக்கத் தெரியல" என்பாள். காலையில் இருந்து சாயங்காலம் வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஏப்ரல் கடைசியில் வைத்தியர் வந்து பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, ஜூன் மாதத்துப் புல் அறுப்பு வரை தாங்கினால் பெரிசு என்றார். நான் உள்ளே போனதும் கெசையா கேட்டாள்:

"எப்பவாம்?"

"அவருக்கு என்ன தெரியும்."

"பொய் சொல்லாத திர்ஸா, உனக்கு வராது. சரி. புதுப் பாதிரியாரைக் கொஞ்சம் வரச் சொல்லு. லெட்டி பக்கத்துல எனக்கு இடம் சொல்லிவைக்கணும்."

லெட்டி அவர்களுடைய ஒரே பிள்ளை. ஏழு வயதில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். அப்போதிருந்த பாதிரியார் எந்த ஊர் என்றெல்லாம் கேட்காமல் எங்கள் கோயில் மதிலோரம் புதைத்துவிட்டார். குளத்தில் இருந்து வாத்துகள் ஏறி வந்து அந்த மதில் நிழலில் உட்காரும். கெசையா ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு, வாத்துகளைத் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

புதுப் பாதிரியார் ஃபென்விக் கெட்டவர் இல்லை. சின்ன வயசு, எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்ற பயம். கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, கல்லறைத் தோட்டம் நிறைஞ்சு போச்சு. ஊர்க் கூட்டத்துல தீர்மானமே போட்டிருக்கோம். ஊர் எல்லைக்குள்ள குடியிருக்கணும், இல்லன்னா எல்லைக்குள்ள சாகணும். போன வருஷம் வெளியூர்ல செத்த ஒருத்தரோட மகனே வந்து கெஞ்சினார், நான் மறுத்துட்டேன். இப்ப எப்படி நான்..."

"நான் இந்த ஊர்ப் பொண்ணு ஐயா. உங்க கோயில்ல தொங்குற மூணு மணில சின்ன மணிக்கு எங்க தாத்தா குடுத்த வெண்கலம் இருக்கு."

"தெரியும்மா. ஆனா இந்த வீடு?"

"பாதி வீடு உங்க ஊர்தானே" என்றேன் நான்.

பாதிரியார் கையோடு கொண்டுவந்த வரைபடத்தை விரித்தார். எல்லைக்கோடு வீட்டைவிடத் தடியாக இருந்தது. வீடே கோட்டுக்குள் மறைந்துவிட்டது. பிறகு ஊர்வலக் குறிப்பேட்டை எடுத்தார். முதல் பக்கங்களில் 'ஜன்னல் வழியாக' என்று இருந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் 'வீட்டைச் சுற்றி, கிணற்றோரமாக' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"வழக்கம் எதுவோ அதுதான் எல்லை. ரெண்டு ஊர் மூப்பரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா நான் சந்தோஷமா எழுதிக்கிறேன்" என்றார்.

கெசையா குறிப்பேட்டை வாங்கி அந்தப் பக்கங்களைப் புரட்டினாள். அப்புறம், "என் பிள்ளைகிட்ட நான் போக முடியாதபடி, எல்லைய நானே விளக்குமாத்தால தொரத்தி விட்டுட்டேன், பாரு" என்றாள். அழவில்லை.

மார்ஷ்வெல் கோயில் மூப்பர் ஈனோக், ரூபனுடைய சித்தப்பா மகன். நான் அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவரைக்கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"முப்பத்தொம்பது வருஷமா சுத்திப் போனது நாங்களா? உங்காளுங்க. இப்ப வேணும்னா உள்ள வருவீங்க, நாளைக்கு எங்க கோயில் வரைக்கும் வருவீங்க."

"சாகக் கெடக்கிறவ கேக்குறா ஈனோக்."

"அவ எனக்கும் மதினிதான் திர்ஸா. எங்க பெரியப்பா காலடில, எங்க கல்லறைத் தோட்டத்து யூ மரத்து நிழல்ல, ரெண்டு பேருக்கும் சேர்த்து இடம் விட்டு வச்சிருக்கு. புருஷன் பக்கத்துல கெடக்க அவளுக்கு என்ன கசக்குதா? நீ போய் உன் வேலையப் பாரு."

திட்டிக்கொண்டே திரும்பினேன்.

மறுநாள் ரூபனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு குன்றேறினேன். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு வெங்காயம், ஆறின தேநீர் ஒரு போத்தல். மே மாதத்துக் காற்று, வெயில் இருந்தும் காதை அறுத்தது. ஆட்டுக்குட்டிகள் பிட்டத்தை ஆட்டி ஆட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. ரூபன் ஒரு பெண்ணாட்டை மல்லாத்தி மடியில் சாய்த்து, அழுகின குளம்பைக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை பேசமாட்டார் என்று தெரியும். காத்திருந்தேன். ஆட்டை விட்டுவிட்டு, கையைப் புல்லில் துடைத்து, வெங்காயத்தை நாலாக வெட்டினார்.

"ஈனோக் மாட்டேன்னுட்டானாமே" என்றார்.

"கல்லுக் கணக்கா நிக்கிறார். எல்லைன்னு காட்ட நம்மகிட்ட உள்ள என்ன இருக்கு?"

ரூபன் ஒரு துண்டு ரொட்டியை மென்று முடித்தார். "இருக்கு" என்றார்.

"என்ன இருக்கு?"

"கல்லு. சிலுவை வெட்டின எல்லைக் கல்லு. மேசைக்கு அடில. கல்யாணமான புதுசுல மண் தரைய எவ்வளவு கூட்டினாலும் தூசி போகலன்னு அழுதா. நான் தளக்கல் பாவினேன். கல்லு மேலயே ஒரு பலகைக்கல்லப் போட்டு மூடினேன். எனக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தேநீர்ப் போத்தலைத் தட்டிவிட்டேன். "அட பாவி மனுஷா. பாதிரியார் வந்து அத்தனை நேரம் பேசினாரே, வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"சொன்னா அவ அங்க போயிருவா."

"எங்க?"

"உங்க ஊருக்கு. நான் எங்கப்பன் பக்கத்துல கெடப்பேன். நடுவுல ஒன்றரை மைலு." அவர் ஆடுகளைப் பார்த்தபடியே சொன்னார். "ஆடு குட்டி போடுற மாசம் தவிர அவள விட்டு நான் தனியா படுத்ததில்ல திர்ஸா. எனக்கு அது முடியாது. நான் வாய மூடிக்கிட்டு இருந்தா ஒருத்தருக்கும் ஒன்னும் தெரியாது. அவ என்கூட இருப்பா."

அந்த மனுஷனை நான் முப்பது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நீளமாகப் பேசி ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது.

"நீங்க ரெண்டு பேரும் ஒன்னா இருப்பீங்க, சரி. அங்க ஒரு ஏழு வயசுப் பிள்ள இருபத்தெட்டு வருஷமா தனியா கெடக்கு" என்றேன்.

ரூபன் எழுந்து நாயை விசில் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பாதி ரொட்டி அப்படியே கிடந்தது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இறங்கும் வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன். கல்லைப் பற்றி நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வீட்டு ரகசியம், அவர்தான் சொல்ல வேண்டும். என் வாயில் ஒரு ரகசியம் ஐந்து நாள் தங்கினது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை விடிந்ததில் இருந்து மழை. சுண்ணாம்புச் சேறு காலைக் கவ்விப் பிடித்தது. எங்கள் ஊர் மூப்பர் ஓபெட் முன்னால் வந்தான். ஊருக்கு வண்டிச் சக்கரம் செய்வதும் சவப்பெட்டி செய்வதும் குழி வெட்டுவதும் அவன்தான். பின்னால் பாதிரியார், அவருக்குப் பின்னால் நாற்பது பேர், தொப்பி விளிம்பில் எல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட. ஸ்டிக்லண்ட் வீட்டுத் தோட்டத்தில் ஈனோக் ஏழெட்டு மார்ஷ்வெல் ஆட்களோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"சுத்திப் போங்க. வழக்கம் தெரியும்ல" என்றார் ஈனோக்.

"உள்ள போறோம். எங்க பாட்டன் போன வழி" என்றான் ஓபெட்.

"உங்க பாட்டன் போனான். நீ கேக்குக்கு ஆசைப்பட்டுச் சுத்திப் போன. முப்பத்தொம்பது துண்டு தின்னிருப்ப."

"நீ மட்டும் என்ன, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கை நீட்டல?"

"நான் சொந்தக்காரன், திம்பேன்."

ரெண்டு பக்கமும் குச்சியை ஓங்கிக்கொண்டு நெருங்கினார்கள். பாதிரியார் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார், ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. அப்போது உள்ளே இருந்து கெசையாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினாள்.

"ஈனோக். மழைல நின்னு கத்தாத. எல்லாரும் உள்ள வாங்க. செருப்போட வாங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

அவள் அப்படிக் கெஞ்சி யாரும் கேட்டதில்லை. ஒருத்தரும் அசையவில்லை. நான் வாசலில் நின்றேன். அப்போதுதான் ரூபன் கொட்டில் பக்கம் இருந்து வந்தார். கையில் கடப்பாரை. ஈனோக்கைத் தாண்டி, ஓபெட்டைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். மேசையை இழுத்துத் தள்ளினார். கடப்பாரையைத் தளக்கல் இடுக்கில் விட்டு நெம்பினார். முதல் நெம்பில் வரவில்லை. வயசான உடம்பு. ஓபெட் உதவிக்குப் போனான். "விடு, நான் போட்டது, நானே எடுக்கிறேன்" என்றார்.

மூன்றாம் தடவை கல் எழுந்தது. அடியில், ஈர மண்ணில், கையகலத்துக்கு ஒரு சிலுவை வெட்டின கல். வடக்கு ஜன்னலுக்கும் தெற்கு வாசலுக்கும் நேர் நடுவில்.

"எத்தனை வருஷமா தெரியும் உனக்கு?" என்றாள் கெசையா கட்டிலில் இருந்து.

"நாப்பத்தாறு."

"இந்த அஞ்சாறு நாளா ஏன் சொல்லல?"

ரூபன் கடப்பாரையைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, விடு" என்றாள். புரிந்துவிட்டது அவளுக்கு.

ஈனோக் குனிந்து, விரலால் சிலுவைக்குள் இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துப் பார்த்தார். "கல்லு கல்லுதான்" என்றார். "கல்ல நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாருங்க, கட்டில் எங்க பக்கத்துல கெடக்கு. படுக்கை எங்கயோ குடியிருப்பு அங்க. அது பழைய வழக்கம்."

"அப்ப நகத்துவோம்" என்றான் ஓபெட்.

கிழக்குப் பக்கம் பாத்திர அலமாரி சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. நானும் நாலு பெண்களும் தட்டுகளை எடுத்து மேல்துணியில் சுற்றி அடுக்கினோம். அலமாரியை மழையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"கெசையா அக்கா, அங்க போட்டா ஜன்னல் கெடையாது. குன்று தெரியாது."

"தெரியும்டி. அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சதே நான்தான்." அவள் மேற்கு ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மழையில் குன்றே தெரியவில்லை. "தூக்குங்க" என்றாள்.

கட்டிலுக்கு ஆறு பேர். மூன்று பேர் எங்கள் ஆள், மூன்று பேர் அவர்கள் ஆள். தலைமாட்டில் ஓபெட்டும் ஈனோக்கும் எதிரெதிராகப் பிடித்தார்கள். கெசையா உள்ளே படுத்தபடியே, "ஈனோக் பக்கம் சாயுது. எப்பவும் அவன் பக்கம்தான் சாயும்" என்று சொல்ல, ஈனோக்கே சிரித்துவிட்டார். நாலு அடி. அவ்வளவுதான் தூரம். இறக்கி வைத்தார்கள். ஓபெட் குச்சியால் கல்லை அடித்தான், எல்லாரும் வரிசையாக வந்து அடித்தார்கள். பாதிரியார் மாவுப் பலகையில் குறிப்பேட்டை வைத்து எழுதினார். மழைத்தண்ணீர் அவர் மூக்கில் இருந்து சொட்டி மை பரவியது. தரை உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது, கெசையா கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாளில் இருந்து ரூபன் குன்றேறவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாகக் கம்பு பிடித்த மனுஷன், பண்ணைக்காரரிடம் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஜன்னல் இல்லாத சுவரோரம் இரண்டு பேரும் இருப்பார்கள். நான் கஞ்சியோடு போகும்போதெல்லாம் ஏதாவது சண்டை நடந்துகொண்டிருக்கும். தொப்பியைப் பற்றி, பன்றிக்குத் தவிடு வைத்தது போதாது என்பதைப் பற்றி, அவித்த பீன்ஸில் உப்பு கூடிப்போனதைப் பற்றி. ஒரு நாள் அவள், "வீட்டுக்குள்ள வச்சுப் பாத்தா இவ்வளவு பெரிய காது இவனுக்கு" என்றாள் என்னிடம்.

ஜூன் இரண்டாம் வாரம், புல் அறுப்பு தொடங்கின மூன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணிக்குக் கெசையா போய்விட்டாள். ரூபன் கையைப் பிடித்திருந்தார். நான் குளிப்பாட்டினேன். தலைமுடியைச் சீவி விடும்போது, எத்தனையோ பேருக்குச் செய்த கைதான், அன்றைக்கு ஒரு பின்னல் போட அவ்வளவு நேரம் ஆனது.

காலையில் ஓபெட் குழி வெட்டத் தொடங்கினான். லெட்டியின் மேட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆளுக்குத்தான் இடம். நான் பூ வைக்கப் போனவள் அங்கேயே நின்றேன். ரூபன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து மதிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு ஓபெட் தலை மறையும் அளவுக்கு இறங்கியிருந்தான். மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டுக் கையை நீட்டினான்.

"ஆறடி ஆச்சு. தூக்கி விடு ரூபன்."

ரூபன் கையைக் கொடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துத் திரும்ப அவனிடம் இறக்கினார்.

"இன்னும் ரெண்டடி வெட்டு."

"கீழ சுண்ணாம்புப் பாறை. கடப்பாரை எகிறுது. ஆறடி போதும், பாதிரியாரே கேட்டாலும் அதான் கணக்கு. எதுக்கு இன்னும்?"

"அவ மேல நான் வந்து படுத்தா எனக்கு மேல மண்ணு வேணாமா?"

ஓபெட் குழிக்குள் இருந்து அவரையே பார்த்தான். "உனக்கு மார்ஷ்வெல்ல உங்கப்பன் காலடில இடம் இருக்கே" என்றான் மெதுவாக.

"அத ஈனோக் எடுத்துக்கட்டும். என் கட்டிலும் இப்ப உங்க ஊர்தான். நான் நேத்து அவன்கிட்ட சொல்லிட்டேன்."

ஓபெட் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, கடப்பாரையைக் கேட்டு வாங்கினான். கொஞ்ச நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு ஈனோக் வந்தார். தோளில் ஒரு பிக்காசு. யாரையும் பார்க்காமல் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மத்தியானம் வரை இரண்டு பேரும் மாறி மாறி வெட்டினார்கள்.